ஸாலிஹ் வீட்டுச் சேவல்

மன்னரின் வெள்ளிவிழாவுக்குக் கட்டிய கொடிகள் கொட்டாஞ்சேனைத் தெருக்களில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தன. புறக்கோட்டையில் பூட்டும் ஆணியும் விற்கும் ஸாலிஹ் மட்டும் எந்தக் கொண்டாட்டத்துக்கும் தயாரில்லை. பின்வளவில் தொண்ணூறு கோழிகள் மேய்ந்தன. பார்க்கப் பார்க்க அவருக்கு எரிச்சல் தலைக்கேறியது. ஒன்றாவது கோழியளவு இல்லை.

மகள் பலீலாவின் நிக்காஹுக்கு மூன்று கிழமைதான். மாப்பிள்ளையின் தகப்பன் மீரா சாஹிப்பிடம், நாலு பேர் கேட்க, இவர் வாக்குக் கொடுத்திருந்தார்: "நாப்பது சஹன். ஒவ்வொண்டுக்கும் நடுவில எங்கட வீட்டுச் சேவல், முழுசா." ஆறு பேர் சுற்றியிருந்து உண்ணும் சஹன் தட்டில் சேவல் ஒரு மலைபோலக் குந்தியிருக்க வேண்டாமா? இவற்றை வைத்தால் நெய்ச்சோற்றைக் கிளறித் தேட வேண்டும்.

தவிட்டில் கலப்படம் என்று தவிட்டுக்காரனை மாற்றினார். சீக்கு என்று மருந்து கொடுத்தார். கண்ணூறு என்று ஓதிய தண்ணீரும் தெளித்தாயிற்று. கோழிகள் நல்ல சுகத்தோடு, சின்னதாகவே நின்றன. முன்பெல்லாம் ஏழு மாதம் கழிந்து முட்டையிட்ட இனம், இப்போது வெட்கமில்லாமல் நாலே மாதத்தில் இட்டது.

"இஞ்ச பாருங்க," என்றாள் மனைவி ஹபீலா. "பதினாலு வருஷமா பூட்டு விக்கிற மாதிரியே கோழியும் வித்தீங்க. வாறவனுக்கு நல்லதக் குடுத்தாத்தான் திரும்பி வருவானெண்டு, கையில கனத்ததெல்லாம் முட்ட போட முந்தியே சாக்குக்குள்ள போச்சு. கனக்க முந்தி அவசரமா முட்ட போட்டதுதான் வளவில தங்கிச்சு. அதுட குஞ்சு வேறெப்பிடி ஈக்கும்?"

"நான் எத விக்கிறனெண்டு கோழிக்குத் தெரியுமா?"

"தெரியாமலே இப்பிடி. தெரிஞ்சிருந்தா புறா அளவில நிண்டிருக்கும்."

"இவ்வளவு காலமும் வாயில எனத்த வெச்சிருந்தாய்?"

"சென்னேன். நீங்க தராசோட கதைச்சிக்கொண்டிருந்தீங்க."

வெளியில் வாங்கலாமென்றால், ஒருகொடவத்தையில் சேவல் விற்பவன் மீரா சாஹிப்பின் மச்சான். விஷயம் அன்றைக்கே போய்ச் சேர்ந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை மீரா சாஹிப்பே சேவல் பார்க்க வந்து நின்றார். வளவை நெடுநேரம் நோட்டமிட்டார்.

"குஞ்செல்லாம் வடிவுதான். தாய்க் கோழிகள் எங்க?"

ஸாலிஹ் இருமினார். "அதுதான் தாய்."

இன்னொரு தரமும் இருமினார். பின்வாசல் திரைக்குப் பின்னாலிருந்து ஹபீலாவின் குரல் வந்தது. "மீரா சாஹிப் நானா, இந்தக் கோழி தின்னுறதெல்லாம் முட்டைக்கே போகுது, சதைக்கு மிஞ்சல்ல. முட்டையெண்டா மழதான். சஹனுக்கு ஆட்டிறைச்சி வெக்கிறம். கடைசியில இனிப்புக்கு வட்டிலாப்பம், ஒண்டுக்கு ரெண்டு கோப்ப, முழுக்க எங்கட வீட்டு முட்டையில."

"மூணு கோப்ப," என்றார் மீரா சாஹிப், மூச்சு விடாமல்.

"ரெண்டு. கஜுப்பருப்பு கூடப் போடுறம்."

"சரி. ஆனா மாப்பிள்ளையிட சஹனில உங்கட சேவல் கட்டாயம் ஈக்கோணும். நாலு பேருக்கு முன்னால சென்ன சொல்லு."

தன் வாக்கைத் தன் வீட்டிலேயே இரண்டு பேர் கூறுபோட்டு முடித்ததை ஸாலிஹ் பார்த்துக்கொண்டு நின்றார்.

கல்யாணத்தன்று காலை, இருப்பதில் பெரிய சேவலை அவர் வளவைச் சுற்றி ஓடிப் பிடித்தார். உடுத்திருந்த சாரம் முழுக்கச் சேறு. ஹபீலா வந்து வழியை மறித்தாள்.

"அத விடுங்க. அத அறுத்தா மிச்சம் சின்னதுதான். பிறகு பேரப்புள்ளையிட கல்யாணத்துக்கும் இருமத்தான் ஈக்கும். சின்னதப் புடிங்க."

"மாப்பிள்ளையிட சஹனுக்கா? எனக்கு மானம் மரியாத ஒண்டுமில்லியா?"

"ஈக்கி. அதுக்காகத்தான் செல்றேன்."

சேவல் அவர் முழங்கையைக் கீறியது. கெட்ட வார்த்தை ஒன்றை விழுங்கிக்கொண்டு, அதை விட்டுவிட்டுச் சின்னதொன்றைப் பிடித்தார்.

பந்தலில், மாப்பிள்ளையின் பெரியவாப்பா அந்தப் பொரித்த சேவலை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார். "சம்பந்தி, இது காடையா?"

பந்தலே சிரித்தது. ஸாலிஹின் காது சிவந்தது.

"சேவல்தான்," என்றார். "பெரிசு பின்வளவில நிக்கிது. குஞ்சு பெருக விட்டிருக்கிறன், மன்னரே வந்து கேட்டாலும் அறுக்க மாட்டன். நீங்க வட்டிலாப்பத்தத் தின்னுங்க."