மண்டோருக்கு ஒன்று, சம்பாலுக்கு ஒன்று

1

இந்தக் கதை எனக்கு மம்பாவில் ஒரு மளிகைக் கடையில் கிடைத்தது. எனக்கு முன்னால் நின்ற பெண் சின்னப் பீங்கான் கிண்ணம் இரண்டு வாங்கினார். "ஒண்ணு பத்தாதா?" என்றார் கடைக்காரர். "ஒண்ணு வாங்குனா சண்டைலா. பறவைக்கு," என்றார் அவர். நடந்தது அவ்வளவுதான். மீதி நான் கட்டியது. எங்கெங்கே இடிந்து விழுந்தது என்பதையும் மறைக்காமல் காட்டுகிறேன்.

அவருக்கு மாதவி என்று பெயர் வைத்தேன். வயது ஐம்பதைத் தொடுகிறது. தெமியாங்கில் தையல் கடை. மம்பாவுக்கு உள்ளே தள்ளி, ரப்பர் மரம் போய், எண்ணெய் தரும் செம்பனை வந்துவிட்ட ஒரு தோட்டத்தில் லாரி ஓட்டும் வசந்தனை அண்மையில் மணந்தவர். இருவருக்கும் இது இரண்டாம் திருமணம். பெட்டியோடு ஒரு காக்கட்டீலையும் கொண்டுவந்தார். கொண்டை வைத்த சிறு கிளி அது. கன்னத்தில் மிளகாய்த் துவையல் வைத்ததுபோல ஆரஞ்சு வட்டம் இருப்பதால் பெயர் சம்பால்.

வசந்தனிடம் ஏற்கெனவே ஒரு மெர்போக் உண்டு. கழுத்தில் வரியோடிய குட்டிப் புறா. காலையில் கூண்டைக் கம்பத்தில் ஏற்றினால் தோட்டம் முழுக்கக் கேட்கும்படி கூவும். வேலைக்காட்டு மேற்பார்வையாளர்போல நெஞ்சை நிமிர்த்தி நடப்பதால் மண்டோர்.

2

முதல் தொடக்கம்: "சம்பால் வந்த அன்றே மண்டோர் ஊமையாகி—"

அடித்துவிட்டேன். புதிதாக வரும் பறவையை வந்த அன்றே பழைய பறவையிடம் காட்டக் கூடாது. நோய் வெளியே தெரியாமல் உள்ளே இருக்கலாம்; பறவைகள் அதை மறைப்பதில் கெட்டிக்காரர்கள். குறைந்தது ஒரு மாதம் தனி அறை வேண்டும். கதைக்கு அவசரம், பறவைக்குக் கிடையாது. எதற்கு வழிவிடுவது என்று யோசித்துப் பறவைக்கு விட்டேன்.

ஆகவே இந்தப் பகுதியில் ஒரு மாதம் கழிகிறது. சம்பால் பின்னறையில் இருக்கிறது. மண்டோர் வாசலில் கூவுகிறது. மாதவி தீனி வைத்துவிட்டுக் கை கழுவி, மேல்சட்டை மாற்றிக்கொண்டுதான் முன்பக்கம் வருகிறார். மருத்துவர் பார்த்துவிட்டு, நலம் என்கிறார்.

[வேறொன்றும் நடக்கவில்லை. இங்கே அதுதான் நல்ல செய்தி.]

3

சம்பால் கூடத்துக்கு வந்த அன்று அடுத்த வீட்டு மங்கம்மாவும் வந்துவிட்டார்.

"பொண்ணு மாப்புளைக்கு ஒரே எலையில சோறு போட்டோம்ல? அதே மாதிரி ஒரே கிண்ணத்துல தீனி வையி வசந்தா. தானா ஒட்டிக்கும்."

வசந்தனுக்கு அது பிடித்துப்போயிற்று. எனக்கும்தான். கூண்டுகளை ஒட்டி வைத்து, இரண்டு அலகும் எட்டும்படி நடுவில் ஒரு கிண்ணம் வைக்கச் சொன்னேன். காலை வெயிலில் ஒரே தினையைக் கொத்தும் இரண்டு அலகுகள் என்று நான்கு வரி அழகாக வந்தன. நான்கும் பொய்.

தீனி ஒரே இடத்தில் இருந்தால், அது காக்க வேண்டிய சொத்தாகிவிடுகிறது. கிளியின் வளைந்த அலகு கொட்டையை உடைக்கப் பிறந்தது. புறாவின் மெல்லிய அலகு விதை பொறுக்க மட்டுமே. சம்பால் சீறிப் பாய்ந்து, கம்பி வழியாக மண்டோரின் வால் இறகைப் பிடுங்கியது. நல்லவேளை, கால்விரல் சிக்கவில்லை.

மறுநாள் கம்பத்தில் ஏற்றியும் கூவல் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை.

4

"வாயத் தொறக்க மாட்டேங்குதுலா," என்றார் வசந்தன், கம்பத்தை அண்ணாந்து பார்த்தபடி.

"நான் சம்பால தூக்கிட்டு தெமியாங்குக்கே போயிடுறேங்க."

"எத்தன நாளைக்கு?"

"அது கூவுற வரைக்கும்."

"கூவலன்னா?"

மாதவி சேலையை மடித்துப் பையில் வைத்தார். "நான் வந்துதான் இந்த வீட்டுச் சத்தம் நின்னுச்சுன்னு இருக்கக் கூடாதுங்க."

"நீ வந்தப்புறம் சத்தம் கூடித்தான் போச்சு," என்றார் வசந்தன். மாதவி சிரிக்கவில்லை.

அவரை அனுப்பியும் பார்த்தேன்: "பஸ் மந்தினைத் தாண்டியபோது மாதவி கண்ணைத்—" (தெமியாங் போகிறவர் மந்தினுக்கு ஏன் போகிறார்? எனக்கே வழி தவறிவிட்டது. திரும்பி வாருங்கள், மாதவி.)

திரும்பி வந்தவர் கழுவி வைத்திருந்த அந்த ஒற்றைக் கிண்ணத்தைப் பார்த்தார்.

"ஏங்க, கல்யாணத்தன்னிக்கு அந்த எலையில நான் எவ்ளோ சாப்புட்டேன்?"

"ஒண்ணும் சாப்புடல. உன் பக்கம் எல்லாம் ஊறுகா."

"நீங்களே அதச் சொல்லிக் கேலி பண்ணீங்க. மறுநாள் ரெண்டு தட்டு வச்சோம், அப்பறந்தான் நான் நிம்மதியா சாப்புட்டேன்."

வசந்தன் மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்தார். "கடை தொறந்திருக்கும். ஏறு."

5

இனி முறை. கூடத்தின் ஒரு கோடியில் ஒரு கூண்டு, மறுகோடியில் மற்றது, ஒரே உயரத்தில். ஆளுக்கொரு கிண்ணம். ஒன்றையொன்று பார்க்கும் நேரத்தில் மட்டும் பிடித்த தீனி வரும். நடுவில் துணியைத் தொங்கவிட்டு மறைத்தால் அந்தத் தீனியும் நின்றுவிடும். இப்படியே, எதிரே தெரிகிற முகம் என்றால் நல்ல சாப்பாடு என்று மனத்தில் பதிகிறது. இரண்டும் நிம்மதியாகத் தின்றால் கூண்டை ஒரு சாண் நகர்த்தலாம். கொண்டை படிந்து சீறல் வந்தாலோ, புறா தின்பதை நிறுத்தினாலோ பழைய இடத்துக்கே திரும்ப வேண்டும்.

நானும் அப்படித்தான் எழுதிவந்தேன். கவனித்தீர்களா? பறவைகளின் இரண்டு பெயர்களையும் ஒரே வாக்கியத்தில் இரண்டு தடவைதான் வைத்தேன். ஒன்றை அடித்தேன், இன்னொன்றில் இறகு பறந்தது. தலைப்பில்கூட நடுவே ஒரு காற்புள்ளி காவல் நிற்கிறது.

கூண்டுகள் ஜன்னலோரம் அலகு எட்டாத இடைவெளிக்கு வந்துசேர்ந்த ஒரு காலையில் மங்கம்மா எட்டிப் பார்த்தார்.

"என்ன வசந்தா, ஒன் மண்டோரு பென்சன் வாங்கிட்டாரா?"

வசந்தன் பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் வேறொரு பதில் வந்துவிட்டது. மண்டோர் கழுத்தை உப்பவைத்துக் கூவ, சம்பால் கொண்டையைத் தளர்த்திச் சீட்டியடித்தது.

[இந்த வாக்கியத்தை அடிக்கவில்லை.]

மண்டோர் நிறுத்தவில்லை. செம்பனைக் காட்டுக்குள் போய்க்கொண்டிருந்த மோட்டார் ஒன்று நின்று, ஹாரன் அடித்துவிட்டுப் போனது. வசந்தன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாதவி இன்னும் பிரிக்காமல் வைத்திருந்த பையைத் திறந்து, சேலைகளை ஒவ்வொன்றாக அலமாரியில் திரும்ப அடுக்கினார்.

"நான் சொன்னேன்ல, ஒட்டிக்கும்னு," என்றார் மங்கம்மா.

"நீங்க வாயத் தொறக்காம இருந்தா இன்னும் வெரசா ஒட்டியிருக்கும் அக்கா," என்றார் மாதவி.

6

இப்போது கூண்டுக் கதவுகளைத் திறந்து, இரண்டையும் ஒரே கிளையில் உட்காரவைக்க உங்களுக்கு ஆசையாக இருக்கும். நான் எழுதமாட்டேன். கிளியும் புறாவும் ஒரே கூண்டில் வாழத் தேவையில்லை. பக்கத்தில் இருந்து கூவினால் அதுவே முழு வெற்றி.

கடைசி வரி உங்களுடையது. கூண்டுக் கதவின் கொக்கியில் கை வைக்காமல் வாசியுங்கள். நடுவில் உள்ள வெள்ளை இடத்தைத் தயவுசெய்து நிரப்பாதீர்கள்.

மண்டோர்               சம்பால்