ஏர்வின் கைக்கு வந்த பந்து

ஏர்வின் ஷிமான்ஸ்கி லைன்மேன். மின்கம்பம் ஏறுகிற லைன்மேன் அல்ல. இவன் ஏறினால் கம்பம் தாங்காது. டிராவர்ஸ் பே ஊரின் கொல்லர்கள் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியில், பந்தை எறிகிற குவார்ட்டர்பேக்குக்கு முன்னால் நின்று, அவனைச் சாய்க்க ஓடி வருகிறவர்களை நெஞ்சால் நிறுத்துவது இவன் உத்தியோகம். மற்ற இடங்களில் முட்டுக்கட்டை போடுகிறவனைத் திட்டுவார்கள். இங்கே அதற்குச் சம்பளம் கொடுத்து, ஆள் இளைத்துவிடாமல் இருக்க எடையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கரும்பு தின்னக் கூலியா என்று ஊர் பொறாமைப்பட்டது. பசியே இல்லாமல் நாலாவது தட்டு மாக்கரோனிக்கு முன்னால் உட்கார்ந்து கண்கலங்கியவனுக்குத்தான் அந்தக் கூலியின் லட்சணம் தெரியும்.

இத்தனை வருஷத்தில் ஒரு ஆட்டத்தில்கூட ஏர்வின் பந்தைத் தொட்டதில்லை. எறிந்த பந்தைப் பிடிக்க லைன்மேனுக்குச் சாதாரணமாக உரிமையும் இல்லை. பந்து அவன் முதுகுக்குப் பின்னால் கிளம்பி, தலைக்கு மேலே பறந்து, வேறு யாரோ கையில் போய்ச் சேரும். அவன் அதோடு எதிரணிக் கோட்டைத் தாண்டினால் புள்ளி. நல்லது நடந்ததா கெட்டது நடந்ததா என்பதைக் கூட்டத்தின் சத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொள்வான். உள்ளூரில் கத்தினால் நல்லது, வெளியூரில் கத்தினால் கெட்டது.

இப்போது முழங்கால் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தோடு சரி. அந்த வாரம் அவன் கோச் ஹக்கபியின் அறைக்குப் போய், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"கோச், ஒரே ஒரு தடவ பந்த எங்கிட்ட எறியச் சொல்லுங்க."

"எதுக்குடா? அது திங்கற சாமான் இல்ல."

"தெரியும் கோச். கையில வெச்சுக்கிட்டு கோட்டத் தாண்டணும். அவ்ளோதான்."

கோச் கூரையைப் பார்த்தார். "சரி, தொலை. கோட்டுக்குக் கிட்ட போனா பாக்கலாம். ஆனா முன்னாடியே நடுவர்கிட்ட சொல்லிரணும். மறந்தேன்னு வை, உன்ன பஸ்ஸுல ஏத்த மாட்டேன்."

லைன்மேன் பந்து பிடிக்கப் போகிறான் என்றால், முதலில் நடுவரிடம் போய் மார்பைத் தடவிக் காட்டி அதை ஒப்புக்கொள்ள வேண்டும். நடுவர் அவன் சட்டை நம்பரைச் சொல்லி, 'தகுதியுள்ளவர்' என்று ஒலிபெருக்கியில் எதிரணிக்கும் ஊருக்கும் சேர்த்து அறிவிப்பார். திருடப் போகிறவன் போலீஸ் ஸ்டேஷனில் சொல்லிவிட்டுப் போகிற மாதிரியான ஏற்பாடு. இதில் யாருக்கும் சிரிப்பு வருவதில்லை.

மறந்துவிடுவோமோ என்ற பயத்தில் ஏர்வின் வீட்டிலேயே பயிற்சியைத் தொடங்கினான். ஃப்ரிட்ஜைத் திறக்குமுன் மார்பைத் தடவி மனைவி நோரீனிடம் அறிவித்தான். குளிக்கப் போகுமுன் அறிவித்தான். தேவாலயத்தில் அப்பம் வாங்குமுன் பாதிரியாரிடமும் தடவிக் காட்டினான். அவர் கொல்லர்கள் ரசிகர். "எழுபத்துநாலாம் நம்பர் தகுதியுள்ளவர்" என்று சபைக்கு அறிவித்துவிட்டே நாக்கில் வைத்தார்.

பிடிக்கிற பயிற்சி நோரீன் பொறுப்பு. சமையலறை மூலையிலிருந்து முட்டைக்கோஸை எறிந்தாள். ஏர்வின் அதை நெஞ்சால் மோதித் தரையில் தள்ளினான்.

"யோவ், கைய நீட்டிப் புடிய்யா!"

"எது வந்தாலும் இடிக்கத்தான் தோணுது நோரீனு."

"முட்டைக்கோஸு உன்ன என்ன பண்ணுச்சு? நான் டிவியில உன் முதுகத் தவிர வேற எதையும் பாத்ததில்ல. எங்கம்மா இன்னும் கேக்குறா, மாப்ள நெசமாவே ஆடுறாரா, இல்ல பஸ் ஓட்டறாரான்னு. ஒரு தடவ நீ பந்தோட கோட்டத் தாண்டறத நான் பாத்தே ஆகணும். எடுத்துக் குடு, திரும்ப எறியறேன்."

சனிக்கிழமைக்குள் அவன் முட்டைக்கோஸ் பிடித்தான், ரொட்டி பிடித்தான், பக்கத்து வீட்டுப் பூனையைக்கூடப் பிடித்தான். பூனைக்கு முன்னறிவிப்பு எதுவும் கொடுக்கப்படவில்லை.

ஞாயிறு அன்று பனி கொட்டியது. எதிரணிக் கோட்டுக்குச் சில அடி தூரத்தில் கொல்லர்கள் நின்றபோது கோச் தலையசைத்தார். ஏர்வின் நடுவரிடம் ஓடி, சட்டை கிழிகிற வேகத்தில் மார்பைத் தடவினான். அறிவிப்பு வந்ததும் மைதானமே எழுந்து கைதட்டியது. எதிரே குனிந்து நின்றவன் பல்லைக் காட்டினான்.

"ஏய் பெருசு, பந்துன்னா எப்படி இருக்கும்னு தெரியுமா?"

"கேள்விப்பட்டிருக்கேன்" என்றான் ஏர்வின்.

ஆட்டம் தொடங்கியது. ஏர்வின் அவனை ஒரு இடி இடித்துவிட்டு நழுவினான். ஊருக்கே சொல்லிவிட்டு யாராவது இவனிடம் எறிவார்களா என்று எதிரணி அவனை விட்டுவிட்டது. குவார்ட்டர்பேக் டேலன் எறிந்தான். பந்து வந்தது. ஏர்வின் இரண்டு கையாலும் பிடித்துவிட்டான்.

கோடு இரண்டடியில் இருந்தது. நடுவே ஒரு ஈ, காக்கை இல்லை.

அதுதான் வினையாயிற்று. ஏர்வின் இடிப்பதற்கு ஆள் தேடினான். முன்னால் ஆளே இல்லாத மைதானத்தை அவன் வாழ்க்கையில் பார்த்ததில்லை. வெள்ளையாகப் பனி மட்டும் கிடந்தது. திரும்பிப் பார்த்தான், "ஓடு! ஓடித் தொலைய்யா!" என்று கத்திக்கொண்டு டேலன் வந்துகொண்டிருந்தான். அந்த முகத்தைப் பார்த்ததும் ஏர்வினுக்கு உயிர் வந்தது. பந்தை டேலனின் வயிற்றில் அழுத்தி வைத்தான். பிறகு தலையைக் குனிந்து, வழியை ஒழுங்குபடுத்தப் பாய்ந்தான். வழியில் யாரும் இல்லாததால் ஓரத்தில் நின்ற துணை நடுவர் ஒருவர் பனியில் மல்லாந்தார். டேலன் பின்னாலேயே பேந்தப் பேந்த விழித்தபடி நடந்து கோட்டைத் தாண்டினான். பெரிய திரையில் டேலனின் படம் வந்தது.

ஆட்டம் முடிந்து வீரர்கள் வெளியே வரும் கதவருகில் நோரீன் காத்திருந்தாள். அவன் தோளுக்குக்கூட எட்டாத உயரம். கோபம் மட்டும் ஆளை மீறி நின்றது.

"ரெண்டடி! ரெண்டே ரெண்டடி! எங்கம்மா போன்ல சிரிப்ப நிறுத்தல. அவன்கிட்ட எதுக்குய்யா குடுத்த?"

ஏர்வின் தன் காலணியைப் பார்த்தான்.

"முன்னாடி யாரும் இல்ல நோரீனு."

"இல்லன்னா ஓட வேண்டியதுதானே?"

"டேலனுக்கு முன்னாடி நான் இருந்தேன். எல்லாருக்கும் முன்னாடி நான்தான் நின்னேன். எனக்கு முன்னாடி ஒருத்தரும் இல்ல. பயமா இருந்துச்சு."

இந்த மலையை இத்தனை வருஷம் கட்டி மேய்த்தும், இதற்குப் பயம் வரும் என்று நோரீனுக்குத் தோன்றியதே இல்லை. அவனுக்காக வெட்கப்பட வந்தவள், தனக்காக வெட்கப்பட்டாள்.

வெளியே கேலி செய்யவும் படம் எடுக்கவும் கூட்டம் முண்டியடித்தது. முதல் தடவையாக அவனைத் தேடி வந்த கூட்டம். கேமராக்காரர்கள், பனியில் ஊறிய குடிகாரர்கள், "ஏர்வின், இந்தப் பக்கம்!" என்ற கூச்சல். அவன் கதவுக்குள் ஒரு அடி பின்வாங்கினான்.

நோரீன் கைப்பையைத் தோளிலிருந்து கழற்றி அவன் மார்பில் அழுத்தினாள்.

"இத கெட்டியாப் புடி. யாருக்கும் குடுக்காத."

"நோரீனு..."

"பேசாத. என் பின்னாடியே வா."

அவள் கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டு, தலையைக் குனிந்து பாய்ந்தாள். முதல் கேமராக்காரன் பனியில் உட்கார்ந்தான். அடுத்தவன் தானாகவே விலகினான். ஏர்வின் கைப்பையை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு அவள் பின்னால் ஓடினான். வண்டி நிறுத்தியிருந்த இடம் வரை ஒருவரும் அவனைத் தொடவில்லை.