முதலே கதைச்சாச்சு

சிறுபோக நெல்லுக்குத் தண்ணீர் பங்கிடும் கூட்டத்தில், கடைசி வாய்க்கால் வயல்களுக்கு இம்முறை தண்ணீர் இல்லை என்று வாசித்தார்கள். நான் எழுந்து ஏன் என்று கேட்டேன்.

"அதெல்லாம் முதலே கதைச்சாச்சு, பிள்ளை," என்றார் கமக்காரர் அமைப்பின் தலைவர் துரைசிங்கம்.

"எங்கை கதைச்சனீங்கள்?"

ஸ்கந்தபுரத்தில் எல்லோருக்கும் தெரிந்த இடம்தான். பின்னேரங்களில் துரைசிங்கம் ஐந்து ஆம்பிளைகளோடு வேப்பமரத்தடியில் சீட்டு விளையாடுவார். ஊர் முடிவெல்லாம் அங்கேதான். பிறகு கை உயர்த்த மட்டும் எங்களைக் கூப்பிடுவார்கள். கடைசி வாய்க்காலில் தனியாக இரண்டு ஏக்கர் விதைக்கிற பொம்பிளை எனக்கு அங்கே யார் கதிரை போட்டார்கள்?

அடுத்த நாள் நானே கதிரையைத் தூக்கிக்கொண்டு போய் அவர்கள் நடுவில் இருந்தேன். சீட்டைச் சுருட்டிக்கொண்டு எழும்பிப் போய்விட்டார்கள்.

எழும்பமாட்டேன் என்று இருட்டும் வரை அங்கேயே இருந்தேன். மறுநாளும் போய் இருந்தேன்; பக்கத்து வயல் பிரியந்தினி தேத்தண்ணியோடு வந்தாள். கடைசி வாய்க்கால் பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். கோழிக் கதையில் தொடங்கித் தண்ணீர்க் கதையில் முடிப்போம். கிழமைக்குக் கிழமை கதிரைகள் கூடின. நடு வாய்க்கால் ஆம்பிளைகளும் வந்து குந்தினார்கள்.

வருடக் கூட்டத்தில் துரைசிங்கம் மறுபடியும் தலைவருக்கு நின்றார். சீட்டுக்காரர் ஐந்து பேரும் கை உயர்த்தினார்கள். என் பெயரை வாசித்ததும் மண்டபமே கை உயர்த்தியது.

அவர் முகம் கறுத்தது. "இதை எப்ப கதைச்சனீங்கள்?"

"அதெல்லாம் முதலே கதைச்சாச்சு, அண்ணை."