பெல்ட் நுழையாத சைக்கிள்

மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பது அவர் வேலை. "மூச்சை இழுங்க, அடக்குங்க, ம், விடுங்க" என்று நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லியே தெருவில் அவருக்கு மூச்சடக்கி என்று பெயர் விழுந்துவிட்டது. ஊரார் மூச்சையெல்லாம் அடக்கத் தெரிந்த மனிதருக்குத் தன் வாயை அடக்க மட்டும் தெரியாது. அதுவும் பேச்சு சைக்கிள் பக்கம் திரும்பிவிட்டால் தீர்ந்தது கதை. முதுகுவலிக்குப் படம் எடுக்க வந்தவர்கூட டைனமோ விளக்கின் அருமை பெருமைகளைக் கேட்டுவிட்டுத்தான் வீடு திரும்ப வேண்டும்.

அவர் பேசுவது தெருவில் ஓடும் சைக்கிளைப் பற்றி அல்ல. தன் மண்டைக்குள் ஓடும் சைக்கிளைப் பற்றி. மகளுக்குப் பால் பல் விழுந்துகொண்டிருந்த காலத்தில் தொடங்கியது அது. சாப்பாட்டு மேசையில் தட்டை வைத்ததுமே அவள் கேட்பாள்: "அப்பா, இன்னைக்கு என்ன மாட்டினீங்க?" உடனே இவருக்குக் கண் மின்னும். பிரேம் பழசு, கனத்த இரும்பு, மூட்டுகளில் இலை வடிவத்தில் வேலைப்பாடு. சீட்டு தோல், உட்கார உட்கார ஆளுக்கேற்றபடி வளைந்து கொடுக்கும். முன்னால் கிண்ணம்போல உருண்ட பழைய விளக்கு, ஆனால் உள்ளே இந்தக் காலத்து எல்.இ.டி. பின்சக்கரத்தின் நடுவிலேயே கியர் எல்லாம் அடக்கம். வெளியே ஒன்றும் தெரியாது. "பாத்தா கிழவன், ஓட்டினா குமரன்," என்பார். சிரிப்பில் மகளுக்குச் சோறு புரையேறும்.

மனைவி தையற்காரி. வாசல் அறையில் மிஷின் போட்டு உட்கார்ந்திருப்பவள். ஆரம்பத்தில் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு, காசா பணமா, கற்பனைதானே என்று அவளும் சேர்ந்துகொண்டாள். அவள் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. "செயின் கூடாது. கிரீஸ் பட்ட பேண்ட்டைத் தூக்கிட்டு தினம் ஒருத்தர் வந்து என் உயிரை எடுக்கறாங்க. அந்தக் கறைக்கு மருந்தே கிடையாது." அப்படித்தான் செயின் போய் பெல்ட் வந்தது. கறுப்பு ரப்பர் பெல்ட். எண்ணெய் வேண்டாம், சத்தம் இல்லை, கறை இல்லை.

தெருமுனையில் சைக்கிள் கடை வைத்திருந்த மைத்துனர், அதாவது மனைவியின் தம்பி, ஒரே ஒரு தடவைதான் முறைத்துக்கொண்டார். பஞ்சரே ஆகாத டயர் என்று இவர் சொன்ன அன்று. "மச்சான், என்ன வேணா மாட்டுங்க. ஆனா என் வயித்துல அடிக்காதீங்க." சரி என்று சாதாரண டயரே போடுவதாக முடிவானது. கற்பனையில்தான்.

பேச்சு எப்படிப் பொருளானது என்று கேட்டால் அவருக்கே தெரியாது. பழைய இரும்புக் கடையில் ஒரு நாள் அந்தப் பிரேம் கண்ணில் பட்டது. இலை வேலைப்பாடு அப்படியே, மண்டைக்குள் இருந்ததை யாரோ எடுத்து வெளியே வைத்ததுபோல. "கைபடாத பிரேம்! ஒரு ஒட்டு இல்ல, ஒரு வெட்டு இல்ல" என்று தெரு முழுக்கக் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்குள் கொண்டுவந்தார். அப்புறம் ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. சக்கரம் கட்டிலுக்கடியில், விளக்கு பீரோ மேல், தோல் சீட்டு கண்ணாடிக்குப் பக்கத்து ஆணியில். விருந்தாளிகள் தலை வாரப் போனால் சீட்டைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் திரும்புவார்கள். எல்லாம் வந்த பிறகும் அவர் பூட்டவில்லை. இன்னும் ஒரு சாமான், இன்னும் கொஞ்சம் பாலிஷ் என்று தள்ளிக்கொண்டே போனார். மருந்துக் கடைக்காரர் அவரைக் கண்டாலே, "என்ன சார், சைக்கிள் இந்தப் பிறவியிலயா, அடுத்ததுலயா?" என்பார். இவரும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டுப் போய்விடுவார்.

அந்தச் சிரிப்புக்குத்தான் மகள் முடிவு கட்டினாள். வரைபட அலுவலகத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். வாழ்த்த வந்த சொந்தங்கள் ஆளாளுக்கு ஸ்கூட்டர் வாங்கிக் கொடு, பஸ் பாஸ் எடுத்துக் கொடு என்றார்கள். மகள் நிதானமாகச் சொன்னாள்: "எதுக்கு? அப்பா சைக்கிள் இருக்கே. நான் அதுலதான் போவேன்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மூச்சடக்கிக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை காலம் தான் அளந்ததையெல்லாம் ஒரே ஒரு ஆள் நிஜமாகவே நம்பியிருக்கிறாள் என்பது அன்றைக்குத்தான் அவருக்கு உறைத்தது. திங்கட்கிழமை காலையில் அவள் பஸ்ஸுக்கு நின்றால், அதற்கப்புறம் இந்த மேசையில் உட்கார்ந்து வாயைத் திறக்கத் தனக்கு முகம் இருக்காது. அவர் பயந்துபோனார்.

ஞாயிறு காலை மைத்துனர் கடையில் வேலை ஆரம்பமானது. மூச்சடக்கி கையில் ஸ்பேனரோடு பரபரத்தார். பெடல் பூட்டியாயிற்று, ஹேண்டில்பார் நிமிர்ந்தது, பின்சக்கரம் தன் இடத்தில் அழகாக உட்கார்ந்தது. தோல் சீட்டை ஏற்றியதும் மனைவியே மிஷினை விட்டு எழுந்து வந்து பார்த்தாள். மிச்சம் பெல்ட் ஒன்றுதான். அவர் அதை மாலைபோல இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு வந்தார்.

வந்தவர் நின்றார். பெல்ட்டைப் பிரேமின் இந்தப் பக்கம் வைத்துப் பார்த்தார். அந்தப் பக்கம் வைத்துப் பார்த்தார். சக்கரத்தைக் கழற்றிவிட்டு மறுபடி பார்த்தார்.

"என்ன மச்சான், பூஜை பண்றீங்களா? மாட்டுங்க."

"மாப்ள, இது எப்படி உள்ள போகும்?"

மைத்துனர் சிரித்துக்கொண்டே வந்து வாங்கினார். அவருக்கும் சிரிப்பு பாதியில் நின்றது. செயின் என்றால் ஒரு கண்ணியைக் கழற்றி, பிரேமுக்குள் நுழைத்து, திரும்பக் கோத்துவிடலாம். அந்தக் கை பார்த்த செயினுக்குக் கணக்கே இல்லை. பெல்ட்டில் கழற்றக் கண்ணி ஏது? அது முழு வளையம். பிரேமின் பின்பக்கமோ மூன்று பக்கமும் மூடிய முக்கோணம். வளையம் முக்கோணத்துக்குள் போக வேண்டுமானால் இரண்டில் ஒன்று திறந்தாக வேண்டும்.

வருடக்கணக்காக மாட்டியிருக்கிறார்கள், கழற்றியிருக்கிறார்கள், சண்டை போட்டிருக்கிறார்கள்; ஒருவருக்கும் இது தோன்றவில்லை. கற்பனையில் பெல்ட் எப்போதும் ஏற்கெனவே உள்ளே இருந்தது. கற்பனைக்கு வாசல் எதற்கு?

"விடுங்க, செயினே போட்டுடலாம்," என்றார் மைத்துனர். "பத்து நிமிஷ வேலை."

கடையில் நின்றபடியே மனைவி, தங்கள் வீட்டு வாசல் அறை ஜன்னலில் மாட்டியிருந்த புது உடுப்பைத் திரும்பிப் பார்த்தாள். மகளின் முதல் நாளுக்கென்று அவள் தைத்தது, பால் வெள்ளை. பார்த்ததே போதும், செயின் பேச்சு அதோடு முடிந்தது.

"வெட்டிடுங்க," என்றாள் பிறகு.

"என்னத்த?"

"பிரேமைத்தான். இந்தப் பின்கம்பியில ஒரு இடத்துல வெட்டி, பெல்ட்டை உள்ள விட்டுட்டு, போல்ட் வெச்சு மூடிடுங்க. தலை நுழையற மாதிரி கழுத்து இல்லைன்னா நான் என்ன பண்றேன்? முன்னாடி வெட்டி, பட்டி வெச்சு, பட்டன் போடறேன். போட்டவங்க யாராவது சட்டை கிழிஞ்சிருக்குன்னு அழறாங்களா?"

மைத்துனருக்கு முகம் மலர்ந்தது. "அக்கா சொல்றது சரி மச்சான். உள்ள ஒரு குழாய் விட்டு, குறுக்க போல்ட் போட்டா கல்லு மாதிரி நிக்கும்." ரம்பத்தை எடுத்தும்விட்டார்.

மூச்சடக்கி பிரேமைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். நாற்பதைத் தாண்டி வெகுதூரம் வந்த மனிதர், கடை நடுவில் ஒரு இரும்பைக் கட்டிப்பிடித்து நின்றார். "கைபடாத பிரேம்டா இது! இத்தனை காலம் ஒருத்தரும் தொடல. நான் போய் வெட்டுவேனா?"

"அப்ப நாளைக்கு நான் எதுல போகட்டும்?" என்றாள் மகள். கோபமாகக் கேட்கவில்லை. சாப்பாட்டு மேசையில் கேட்கிற அதே குரலில் கேட்டாள். அதுதான் அவரை என்னவோ செய்தது.

அவர் கையை எடுத்தார். "சரி. ஆனா எங்க ஆஸ்பத்திரியில உள்ள பாக்காம யாரும் கத்தி வைக்க மாட்டாங்க. எங்க கம்பி கெட்டியா இருக்கு, எங்க துரு தின்னிருக்குன்னு தெரியணும். படம் எடுத்துட்டு வெட்டலாம்."

ஞாயிறு மதியம் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் ஒரு சைக்கிள் பிரேமை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்த டாக்டரம்மா, சாப்பாட்டு டப்பாவும் கையுமாக அப்படியே நின்றுவிட்டார். விஷயத்தைக் கேட்டார். உள்ளே நோயாளி யாரும் காத்திருக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டார். பிறகு, "எடுங்க. நானும் பாக்கறேன்," என்றார்.

பிரேமை மேசை மேல் படுக்க வைத்தார்கள். மூச்சடக்கி அதன் பின்கம்பியை நேராக்கி, தன் அறைக்குள் போய், பழக்க தோஷத்தில் குரல் கொடுத்தார்: "மூச்சை இழுங்க, அடக்குங்க." வெளியே மைத்துனர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

திரையில் படம் வந்தது. கம்பி சாம்பல் நிறத்தில் நீண்டு போனது. நடுவில் ஒரு விரல் நீளத்துக்கு மட்டும் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது.

"இது என்ன?" என்றார் டாக்டரம்மா.

மைத்துனர் மூக்கு திரையில் படுமளவுக்குக் குனிந்தார். "மச்சான், குழாய்க்குள்ள குழாய். பித்தளை வெச்சு ஒட்டிப் பெயிண்ட் அடிச்சிருக்கான். இதை யாரோ ஏற்கெனவே வெட்டியாச்சு!"

"பழைய எலும்பு முறிவு," என்றார் டாக்டரம்மா. "நல்லா சேர்ந்திருக்கு. யாரு வைத்தியம் பார்த்தாங்களோ, கைதேர்ந்தவர்தான்."

மூச்சடக்கிக்கு முதலில் முகம் சிறுத்துப்போனது. தெரு முழுக்கத் தூக்கிக் காட்டிய கைபடாத பிரேம்! அவரும் அதைக் குழந்தையைத் துடைப்பதுபோலத் துடைத்து வைத்திருந்தாரே! திரையையே வெறித்துக்கொண்டிருந்தார். பிறகு எங்கோ அடிவயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. எவனோ ஒருவன் எங்கேயோ மோதி, உடைத்து, ஒட்டி, மறுநாளே ஏறி ஓட்டிக்கொண்டு போயிருக்கிறான். அவனுக்கு இது கனவு இல்லை, சைக்கிள். கட்டிலுக்கடியில் வைத்துக் கும்பிட்டது தான் ஒருவன்தான். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. கூடவே பெரிய பாரம் ஒன்று இறங்கியதையும் உணர்ந்தார்.

"வா மாப்ள," என்றார். "அவன் ஒட்டின இடத்துலயே திறப்போம்."

திறந்தது அவரேதான். மைத்துனர் நெருப்புக் காட்ட, பித்தளை உருக, உள்குழாயைத் தட்டி மேலே ஏற்றினார். கம்பி இரண்டாகப் பிரிந்து ஒரு சின்ன வாய் திறந்தது. மனைவி அந்த இடைவெளியில் பெல்ட்டை, சட்டையில் நாடா கோப்பதுபோல, லாகவமாக உள்ளே விட்டாள். குழாயை இறக்கி, துளை போட்டு, குறுக்கே இரண்டு போல்ட்டு. மகள் பெடலைக் கையால் சுற்றினாள். சக்கரம் சுழன்றது. சத்தமே இல்லை. நாலு பேரும் ஓடுகிறதா இல்லையா என்று சந்தேகப்பட்டு ஆளாளுக்கு ஒரு முறை சுற்றிப் பார்த்தார்கள்.

திங்கட்கிழமை காலை, பால் வெள்ளை உடுப்பில் மகள் சைக்கிளை வாசலுக்கு உருட்டி வந்தாள். மருந்துக் கடைக்காரர் பாதி தூக்கிய ஷட்டரை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். மூச்சடக்கி சைக்கிளை ஒரு சுற்று சுற்றி வந்தவர், பின்னால் பார்த்துத் திடுக்கிட்டார். மைத்துனர் யாரையும் கேட்காமல் ஒரு கேரியரை மாட்டி வைத்திருந்தார். கடையிலேயே மட்டமான, கம்பி கம்பியான கேரியர்.

"இது நம்ம திட்டத்துலயே கிடையாதே!"

"இப்ப சண்டை வேண்டாம்பா, லேட் ஆகுது," என்றபடி மகள் ஏறினாள். ஒரு மிதி, இரண்டு மிதி. அவ்வளவுதான், தெருமுனையில் இருந்தாள். அவர் கையைத் தூக்கியவர் தூக்கியபடியே நின்றார். சந்தோஷமாகத்தான் இருந்தது. மண்டைக்குள் இத்தனை காலம் ஓடிக்கொண்டிருந்தது போய்விட்டது. இன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் எதை மாட்டுவது?

தெருமுனையில் மகள் ஒரு வட்டம் அடித்தாள். திரும்பி வந்து அவர் முன்னால் காலை ஊன்றினாள்.

"ஏறுங்க. ஆஸ்பத்திரி போற வழிதானே, இறக்கி விட்டுட்டுப் போறேன்."

"நானா? பின்னாடியா?"

"முன்னாடி இடமில்லையேப்பா."

மனைவி வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவர் கூச்சத்தோடு கேரியரில் உட்கார்ந்து, சீட்டுக்கடியில் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டார். சைக்கிள் ஒரு தள்ளாட்டம் தள்ளாடி நேரானது.

எத்தனை ஆயிரம் முறை இந்தச் சைக்கிளில் போயிருக்கிறார்! இறக்கத்தில், மழையில், எதிர்காற்றில். எல்லாவற்றிலும் ஓட்டியவர் அவர்தான். பின்னால் உட்கார்ந்து பார்க்க ஒரு நாளும் தோன்றியதில்லை. இங்கிருந்து பார்த்தால் இலை வேலைப்பாடு தெரியவில்லை, விளக்கு தெரியவில்லை. மகளின் முதுகு தெரிந்தது. அவள் மிதிக்க மிதிக்கத் தோள் இரண்டும் ஏறி இறங்கின. வீடுகள் பின்னால் போயின. இப்படி ஒரு சுகத்தை அவர் தன் கற்பனையில் எங்கேயும் மாட்டியிருக்கவில்லை.

மருத்துவமனை வாசல் வந்தது. மகள் பிரேக்கைப் பிடித்தாள்.

"இறங்குங்கப்பா."

அவர் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"இன்னும் ஒரு தெரு," என்றார். "ஒரே ஒரு தெரு. நான் நடந்து வந்துக்கறேன்."