கீச்சென்று ஒரு டிஸ்க்

...மூன்றில் இரண்டுதான் கிடைக்கும் என்கிறார் கடைக்காரர், வேகம், அமைதி, மலிவு, ஒன்றை விட்டுத்தான் ஆக வேண்டுமாம், விடுவதற்கு என்னிடம் என்ன மிச்சம் இருக்கிறது என்று அவர் சொன்னால் தேவலை... எஸ்எஸ்டி என்றால் உள்ளே சுற்றுவதற்கே ஒன்றும் கிடையாது, பறக்கும், மூச்சுக்கூட விடாது, ஆனால் நான் சேர்த்து வைத்திருக்கும் பதிவுகளுக்கெல்லாம் இடம் வேண்டுமென்றால் நாலு மடங்கு விலை. சுற்றுகிற ஹார்டு டிஸ்க்கில் வேகமானது கத்தும், மெதுவானது கத்தாது, ஒரு பாடம் திறப்பதற்குள் நான் குளித்துவிட்டே வந்துவிடலாம். ஒரு கம்பெனிக்குப் பாடப் புத்தகங்களை ஒலிப்புத்தகமாக்கித் தருகிறேன், என் அறையிலேயே மைக், இரண்டடி தள்ளிக் கம்ப்யூட்டர், டீச்சர் ஒருவர் வந்து வாசிப்பார், அவர் மூச்சு, நாற்காலி முனகல், எச்சில் விழுங்கும் சத்தம் எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்துவிட்டு அனுப்புவேன், இருபது வருடமாக இந்தக் காதுதான் சோறு போடுகிறது. போன வாரம் மூன்று பாடங்கள் திரும்பி வந்துவிட்டன, பின்னால் ஏதோ கீச்சென்று ஓடிக்கொண்டே இருக்கிறதாம், இன்னொரு முறை இப்படி வந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று மெயில். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, போட்டுப் போட்டுப் பார்த்தேன், ஹெட்ஃபோனைத் துடைத்துப் போட்டேன், சரி, ஹெட்ஃபோன் போய்விட்டது, புதிது வாங்கினேன், அதிலும் கேட்கவில்லை, ஆனால் டீச்சரும் அந்தப் பெட்டியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார், ஆகவே டிஸ்க்தான், வேறு என்னவாக இருக்க முடியும்?

வீட்டுக்காரி ஒரு வருடமாகச் சொல்கிறாள், அந்தக் கம்ப்யூட்டரை அணைச்சுத் தொலைங்களேன், மண்டைக்குள்ள குடையுது என்று, உனக்கு எதில்தான் குறை தெரியாது என்று நானும் ஒரு வருடமாகக் கத்துகிறேன், கடைசியில் தலையணையைத் தூக்கிக்கொண்டு மகள் அறைக்குப் போய்விட்டாள். போகட்டும் என்று விட்டேன், அந்த வீம்பு எனக்கு. கடைக்காரர் திறந்து கிடந்த ஒரு கம்ப்யூட்டரில் டிஸ்க்கை மாட்டுகிறார், முதலில் ஒன்று, பிறகு இன்னொன்று போடறேன், நீங்களே கேட்டு முடிவு பண்ணுங்க என்கிறார். குனிந்து காதை வைத்தேன். அப்பாடா, சத்தமே இல்லை, மெதுவாகச் சுற்றுவதைத்தான் முதலில் போட்டிருக்கிறார், இதுவே போதும், மெதுவாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், வேலை பிழைத்தால் சரி...

"இதையே குடுத்துருங்க. சத்தமே இல்லையே."

அவர் சிரித்தார். "கிண்டல் பண்றீங்களா சார்? இதுதான் அந்தக் கத்துற ஆளு. வாசல் வரைக்கும் கேக்குதே."

பிரிண்டருக்கு மை வாங்க நின்ற அம்மாள் முகத்தைச் சுளித்துக்கொண்டு நகர்ந்துபோனாள், எதைவிட்டு நகர்கிறாள்? நானும் சிரித்தேன், கிண்டல்தான் என்று தலையாட்டினேன், சிரித்துக்கொண்டே டிஸ்க்கின் மேல் விரலை வைத்தேன், விர்ரென்று விரல் கூசியது, ஓடுகிறது, கத்துகிறது, விரலுக்குத் தெரிகிறது... எவ்வளவு நாளாக? திரும்பி வந்தவை மூன்று, அதற்கு முன்னால் அனுப்பியவற்றில் எத்தனை? மகள் டிவி சத்தத்தைக் குறைத்துக்கொண்டே இருப்பாள், இந்தக் காலத்துப் பிள்ளைகள் என்று நினைத்தேன். பயமாக இருந்தது, கடையின் நடுவில் நின்றுகொண்டு இப்படி ஒரு பயம், யாரிடம் சொல்ல? எதை சார் போடட்டும் என்று அவர் கேட்டார், பேச்சு கேட்கிறது, பேச்சு மட்டும் நன்றாகவே கேட்கிறது. எஸ்எஸ்டியே போடுங்க என்றேன், எனக்கு ஓசியிலேயே கிடைத்துவிட்ட அமைதிக்கு நாலு மடங்கு. அவர் அட்டைப்பெட்டியைத் தேட உள்ளே போனார். வீட்டுக்குப் போய் மாட்ட வேண்டும், மாட்டிவிட்டு, சத்தம் நின்றதா என்று அவளைத்தான் கூப்பிட்டுக் கேட்க வேண்டும்.