பதின்மூன்றாவது துண்டு

சூறாவளி எங்கள் நெடுஞ்சாலைப் பாலத்தின் பன்னிரண்டு துண்டுகளையும் தூண்களிலிருந்து வழித்தெடுத்து ஆற்றில் போட்டது. ஒன்றுக்கொன்று வழிவிட்டுத்தான் விழுந்தன. நான் கிரேன் ஓட்டுகிறவன், கண்ணால் பார்த்தேன். சந்தேகமிருந்தால் மேஸ்திரியாக இருக்கிற என் மனைவியின் தம்பியைக் கேளுங்கள். அவனும் இதையேதான் சொல்வான், இன்னும் கொஞ்சம் கூட்டி.

அக்கரை ஆஸ்பத்திரியில் என் மகள். மாதக் கடைசியில் பிரசவம் என்று தேதி குறித்திருந்தார்கள். படகில் போகலாமென்றால், படகுகளைச் சூறாவளி மரக்கிளைகளில் மாட்டிவிட்டுப் போயிருந்தது.

துண்டுகளைத் தூக்கிக் கழுவினோம், சாம்பல் பெயிண்ட் அடித்தோம், தூண்களில் வைத்தோம். பன்னிரண்டு இடமும் நிறைந்தது. கரையில் ஒன்று மிச்சம் கிடந்தது.

“மச்சான், இது எங்கிருந்து முளைச்சுது?” என்றான் மேஸ்திரி.

“மாப்ளே, எண்ணுறது உன் வேலைதானே?”

“பெயிண்ட் காஞ்சப்புறம்தானே நான் எண்ணுவேன்!”

இன்ஜினியர் தலையைப் பிடித்துக்கொண்டார். “பாலம் முழுசா இருக்கு, துண்டும் மிச்சமிருக்கு. நான் எப்படிய்யா கையெழுத்துப் போடுறது?”

அதற்குள் ஆற்றின் மேல்பக்கத்து ஊர்க்காரர்கள் லாரியில் வந்து, தொலைந்த ஆட்டைத் தேடுகிற தோரணையில் விசாரித்தார்கள்.

“எங்க பாலத்துல ஒண்ணு குறையுது. இந்தப் பக்கம் வந்துச்சா?”

“அடையாளம் என்ன?”

“பார்க்க உங்களோடது மாதிரியேதான். உள்ள கம்பி கம்மி. எங்களோடது சின்ன ரோடு, லாரி ஏறினா தாங்காது.”

மிச்சத் துண்டைக் கிரேனில் தூக்கிப் பார்த்தேன். இன்ஜின் முனகியது. அது எங்கள் பாரம். எத்தனை வருஷப் பழக்கம்! அப்படியானால் அவர்களுடையது மேலே எங்கள் வரிசையில் உட்கார்ந்திருந்தது. எந்த இடத்தில்? அவசரத்தில் தூக்கும்போது நான் கவனிக்கவில்லை. பன்னிரண்டும் ஒரே சாம்பல்.

“எல்லாத்தையும் ஒவ்வொண்ணா இறக்கணும். பதினஞ்சு நாளாகும்,” என்றார் இன்ஜினியர்.

மகளுக்குக் குறித்த தேதி மறுநாள். “சார், சின்ன ரோட்டுத் துண்டு ஒரு ஆளைத் தாங்குமா?”

“ஆளையா? நூறு பேரைத் தாங்கும்.”

“அப்போ நான் நடந்து போறேன்.”

எல்லோரும் என்னை விநோதமாகப் பார்த்தார்கள். நெடுஞ்சாலைப் பாலத்தில் நடக்கலாம் என்பது அதுவரை ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

போய்ச் சேர்ந்தபோது மகள் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். என் கையை நசுக்கியபடி கேட்டாள்: “பாலம் சரியாயிடுச்சாப்பா?”

“சரியாயிடுச்சும்மா. ஒரு இடத்துல மட்டும் வேற பாலம்.”

“எந்த இடத்துல?”

“அது தெரிஞ்சா வண்டியிலேயே வந்திருப்பேனே!”