தேரடியில் தொலையாத பிள்ளை

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் டவுன் பஸ்ஸில். சொன்னவள் என் அண்ணன் மகள் ஜெனிலா. ஞாபகத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். நடக்காத ஒன்றை நடந்ததாக ஒருவர் மனதார நம்பிவிட முடியுமா என்பது அவள் கேள்வி.

முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: ‘தூறல் விழுந்துகொண்டிருந்த மாலையில் பானுப்பிரியா...’

“தூறலா? அன்னைக்கு நல்ல வெயிலு, சித்தப்பா” என்றாள் ஜெனிலா.

எனக்கோ அந்தத் தூறல் நன்றாக ஞாபகம் இருக்கிறது. (நான் அங்கே இருக்கவே இல்லை.)

2

பானுப்பிரியா சோழபுரத்துக்காரி. இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் கம்பெனியில் வேலை. சோதனைக்குச் சம்மதித்து வந்தவளிடம், சிறு வயதில் அவளுக்கு நடந்தவை என்று ஜெனிலா நான்கு சம்பவங்களைச் சொன்னாள். மூன்று நிஜம், பட்டாளத்தில் இருக்கும் பானுவின் அண்ணன் வல்லரசு போனில் சொன்னவை. நான்காவது ஜெனிலாவின் கற்பனை: ஐந்து வயதில் ஆடிப்பூரத் தேரோட்டத்தில் நீ தொலைந்துபோனாய், யாரோ ஒருவர் தூக்கிவந்து சேர்த்தார். அப்படி எதுவும் நடக்கவில்லை என்று வல்லரசுவிடம் முன்பே கேட்டு வைத்திருந்தாள்.

“எனக்கு ஞாபகமே இல்லையே, மேடம்.”

“வீட்டுல போய் யோசிச்சுப் பாருங்கக்கா.”

அடுத்த முறை வந்தபோது (அவள் கண்களைப் பற்றி இங்கே ஒரு பத்தி இருந்தது, எடுத்துவிட்டேன்) பானுப்பிரியா உட்காரும் முன்பே பேசத் தொடங்கினாள்.

“ஞாபகம் வந்துருச்சு மேடம். சுத்தி வெறும் காலாத் தெரியுது. செத்த நேரம் அழுதுக்கிட்டே நிக்கேன். பொறவு ஒரு ஆளு என்னையத் தூக்கித் தோள்ல வச்சுக்கிட்டாரு. கழுத்துல பஞ்சு ஒட்டியிருக்கு. மேல இருந்து பாக்கேன், தேரு நகந்த மாதிரியே தெரியல, ஊருதான் பின்னால போகுது. எங்கப்பா மேடம் அது.”

அப்பா பஞ்சு மில்லில் வேலை பார்த்தவர். பானுவுக்கு ஆறு வயதாகும் முன்பே இறந்துவிட்டார். போட்டோவுக்கு வெளியே அவரை அவள் பார்த்ததாக ஞாபகமே இல்லை.

“அவிய நெனப்புன்னு எங்கிட்ட ஒண்ணுமே இல்லாம இருந்துச்சு. இப்ப கண்ண மூடுனா வாராவ.”

3

சோதனை முடிந்ததும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்பது விதி.

(ஒரு முடிவு: ஜெனிலா சொல்லாமலே விட்டுவிடுகிறாள். எழுதிப் பார்த்தேன். அவள் அப்படிப்பட்டவள் அல்ல.)

“அக்கா, அந்தத் தேர்க் கூட்டத்துல நீங்க தொலையவே இல்லை. நானாக் கட்டிச் சொன்னது. மன்னிச்சிருங்க.”

பானுப்பிரியா ஜன்னலுக்கு வெளியே தெரிந்த... வேண்டாம். அவள் நேராகவே கேட்டாள்.

“யாரோ ஒரு ஆளுன்னுதான சொன்னீக? எங்கப்பான்னு சொன்னீகளா?”

“இல்லைக்கா.”

“பஞ்சு ஒட்டியிருந்துச்சுன்னு?”

“அதுவும் சொல்லலை.”

“அப்ப அது எங்க இருந்து வந்துச்சு?”

நாள் முழுக்கப் பஞ்சுத் தூசியில் நிற்பவள் பானு. அது அவளுடைய பஞ்சாகவே இருக்கலாம். அல்லது வேறொரு நாள், வேறொரு தெருவில், அப்பா உண்மையாகவே தூக்கியிருக்கலாம். இல்லாத தேர் வந்து அந்த நாளை எழுப்பியிருக்கலாம். ஜெனிலா இரண்டையும் ஒளிக்காமல் சொன்னாள்.

“எதுன்னு எனக்குத் தெரியலைக்கா.”

“சரி மேடம். உங்க ஆராய்ச்சியில பொய்யின்னே போட்டுக்கோங்க” என்று சொல்லிவிட்டு பானுப்பிரியா எழுந்து போனாள்.

4

வல்லரசு லீவில் வந்திருக்கிறான். அப்பா பானுவைத் தூக்கியதுண்டா என்று அவனிடம் கேட்பதாக இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில், “அப்பா அவளக் கீழ விட்டாத்தான?” என்று சிரிக்கிறான். இன்னொன்றில், “அப்பாவா? அவரு எங்களை ஒரு நாளும்...” அதற்குமேல் எழுதக் கை வரவில்லை.

கதையை எழுதலாமா என்று பானுப்பிரியாவிடமே கேட்கப் போனேன். ஷிப்ட் முடிந்து வெளியே வந்தாள்.

“எழுதுங்க சார். எங்க அண்ணங்கிட்ட மட்டும் கேட்டுராதீக.”

“அவர் இல்லைன்னு சொல்லிருவாருன்னு பயமா?”

“அதுவுந்தான்.”

“ஆமான்னு சொன்னா?”

“சொன்னா, அது அவன் ஞாபகமாயிரும்லா சார்.”

நேற்று சோழபுரத்தில் வல்லரசுவைப் பார்த்தேன். சேர்ந்து டீ குடித்தோம். லீவு எப்போது முடிகிறது என்று மட்டும் கேட்டேன். இன்னும் சில நாள் ஊரில்தான் இருப்பானாம். நல்ல மனிதன், யார் எதைக் கேட்டாலும் மறைக்காமல் சொல்லிவிடுவான். நான் கேட்கவில்லை. உங்களை யாரும் தடுக்கவில்லை.